கோழிக் கறியா, டின் இறைச்சியா?

தெலுக் இந்தானுக்கு அருகே உள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். மூத்த மகனுக்குப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. சம்பளம் போட்டதும் வீட்டுக்கு வருகிறவன் நாலைந்து டின் பன்றி இறைச்சியும், ஒரு கட்டு லாப் சியோங்கும் வாங்கி வருகிறான். அடுத்த இரண்டு வாரத்துக்கு அதுதான் வீட்டில் கறி. கணவருக்கு இரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறார். பதினான்கு வயது மகளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "கோழி வாங்கலாம் என்றால், அதற்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைவிட டின்னே மேல் என்கிறார் என் வீட்டுக்காரர். இரண்டும் இறைச்சிதானே? எதில் சத்து அதிகம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்வார்" என்று முடித்திருக்கிறார்.

ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

உடம்பை வளர்ப்பது புரதச்சத்து. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து 100 கிராம் எடுத்தால், அதில் ஏறக்குறைய 31 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பு 4 கிராம்கூட இல்லை. டின்னில் வரும் பன்றி இறைச்சியில் அதே 100 கிராமுக்குப் புரதம் 13 கிராம் அளவுதான். கொழுப்போ 25 கிராமுக்கும் மேல். அதாவது, டின்னைத் திறந்து நீங்கள் தட்டில் வைப்பதில் புரதத்தைப் போல இரண்டு மடங்கு கொழுப்பு. மாவும் நீரும் சேர்த்துப் பிசைந்து டின்னில் அடைப்பதால் வரும் வினை இது. லாப் சியோங்கை நறுக்கிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரிவது அத்தனையும் கொழுப்பு. தித்திப்பாக இருக்கிறதே, அது சீனி.

பன்றி இறைச்சிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வறுத்த பேக்கனைக் காட்டுவார்கள். 100 கிராமில் 37 கிராம் புரதம், கோழியையே தோற்கடித்துவிட்டது என்பார்கள். உண்மைதான். வறுக்கும்போது நீர் எல்லாம் வற்றிப்போவதால் வந்த எண் அது. கூடவே 40 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கிறது. அதோடு, பேக்கனை 100 கிராம் யார் சாப்பிடுகிறார்கள்? இரண்டு துண்டு போட்டால் 20 கிராம்கூட நிற்காது.

காசுக் கணக்கும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் கடைசியில் தீர்ப்புச் சொல்வது அதுதான். 340 கிராம் டின் ஒன்றில் மொத்தம் 44 கிராம் புரதம் தேறும். சுத்தம் செய்த ஒன்றரைக் கிலோ கோழியில் எலும்பு போக ஒரு கிலோ கறி கிடைக்கும். அதில் புரதம் 180 கிராம் அளவு. ஆக, ஒரு கோழி நாலு டின்னுக்குச் சமம். 2023 நவம்பர் முதல் தேதி கோழிக்கு அரசாங்கம் கொடுத்த உதவித் தொகையும் உச்ச விலையும் எடுக்கப்பட்டுவிட்டன. அதிலிருந்து விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறுகிறது. உங்கள் கடையில் ஒரு கோழி என்ன விலை, நாலு டின் எத்தனை வெள்ளி என்று மகனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோழியின் எலும்பு இரசத்துக்கு ஆகும். டின்னில் மிஞ்சுவது தகரம்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பொறுத்தவரை எனக்குக் கவலை கொழுப்பைவிட உப்பைப் பற்றித்தான்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தட்டையாக அள்ளினால் ஒரு தேக்கரண்டி. கறி, குழம்பு, ஊறுகாய், கருவாடு, பிஸ்கட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். டின் பன்றி இறைச்சி ஒரு முழு டின்னில் எட்டு கிராமுக்கு மேல் உப்பு உண்டு. நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு கிராம் அந்த ஒரு கறியிலேயே போய்விடுகிறது. அதைப் பெரும்பாலும் எப்படிச் சமைக்கிறோம்? வெங்காயம், மிளகாய் வதக்கி, மேலே கிச்சாப் ஊற்றி! கிச்சாப்பும் உப்புத்தான். வெட்டுக்கத்தியும் தள்ளுவண்டியுமாக வெயிலில் வேலை செய்கிறவருக்கு உப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வியர்வையைச் சாக்காக வைத்து உப்பைக் கூட்டக் கூடாது. ஒரு கையால் மாத்திரை, மறு கையால் டின் என்றால் மாத்திரை என்ன செய்யும்? டின்னை நிறுத்தினாலும் மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன். பச்சைக் கோழிக் கறியிலோ இயற்கையாக உள்ள உப்பு மிகச் சொற்பம். நீங்கள் போடுவதுதான் அதன் உப்பு. அந்தக் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது.

உப்புக்கு அடுத்தது நைட்ரைட். இறைச்சியைப் பதப்படுத்துகிறவர்கள் இந்த உப்பைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். சமைத்த பிறகும் அந்த இறைச்சி ரோஜா நிறமாக இருப்பது இதனால்தான். காற்றுப் புகாத டின்னுக்குள் வளர்ந்து ஆளையே கொல்லக்கூடிய நஞ்சைச் சுரக்கும் ஒரு கிருமி உண்டு. அதைத் தடுப்பதும் இதுதான். ஆகவே அதைக் கலப்படம் என்று திட்டுவது நியாயமாகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் உப்பும் நைட்ரைட்டும் உயிர் காத்தன. ஆனால் அதே பொருள் வயிற்றுக்குள்ளும், எண்ணெயில் கருகப் பொரிக்கும்போதும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேறு பொருள்களாக மாறுகிறது. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் அந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் கணக்கு. புகையிலையும் அதே பட்டியலில் இருக்கிறது என்று அப்போது பலர் பயந்துபோனார்கள். பட்டியல் ஒன்று என்பதால் ஆபத்தின் அளவு ஒன்றாகிவிடாது. சிகரெட் எங்கேயோ இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு நண்பர் வீட்டில் கொடுத்த பாக்குவாவைத் தின்றதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். உங்கள் வீட்டில் நடப்பது அது இல்லையே. மாதத்தில் பாதி நாள் அதுவே கறி என்கிறீர்கள்.

பன்றி இறைச்சி தொடாத குடும்பங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டு, நமக்கென்ன என்று நிம்மதியாக இருப்பார்கள். இருக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பொரித்துக் கொடுக்கிறோமே கோழி சாசேஜ், அதுவும் பதப்படுத்திய இறைச்சிதான். 100 கிராமில் உப்பு இரண்டு கிராமுக்கு மேல் போகும். நைட்ரைட்டும் பெரும்பாலும் உண்டு. பாக்கெட்டின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பிராணி எது என்பதைவிட, கடைக்கு வருமுன் அதை என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பன்றியையே எடுத்துக்கொண்டாலும், பாசாரில் வாங்கும் பச்சைக் கறிக்கும் டின்னுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சாப்பிடுகிற வீட்டார் கொழுப்பில்லாத சதையாகப் பார்த்து வாங்கி மிளகுப் பிரட்டல் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

பன்றி இறைச்சிக்கு உள்ள ஒரு பெருமையையும் மறைக்கக் கூடாது. பி-1 என்ற உயிர்ச்சத்து அதில் கோழியைவிடப் பல மடங்கு அதிகம். இந்தச் சத்துக்கும் நம் பாட்டன்மார் காலத்து மலாயாவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஈயச் சுரங்கங்களில் பெரி-பெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், மரத்துப்போகும், பிறகு நெஞ்சு நின்றுவிடும். சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், இதைக் கவனித்து 1907-இல் ஒரு நூலே எழுதினார். சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளையரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அரிசியைச் சுட்டிக்காட்டியது சரி. அதன் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெள்ளையரிசியின் பின்னாலேயே போயிற்று. 1909-இல் அதை வெளியிட்டார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு முன்பே பத்தாவியாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவருக்கு இந்த வழியைக் காட்டியது கோழிகள்தாம். தீட்டிய சோற்றைத் தின்ற கோழிகள் கால் முடங்கி விழுந்தன, அரிசியை மாற்றியதும் எழுந்து நடந்தன.

ஆகவே அந்த ஒரு சத்துக்காக டின் வாங்க வேண்டியதில்லை. அதிலும் டின்னை அடைத்துச் சூடேற்றும்போது பி-1 ஒரு பங்கு அழிந்துபோகிறது. ஆனால் நம் வீடுகளில் இப்போது எத்தனை பானையில் புழுங்கலரிசி வேகிறது? பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று வெள்ளையரிசிக்கு மாறிவிட்டோம். மாறியவர்கள் பயறு, உளுந்து, நிலக்கடலை, கோதுமை ஆட்டா ரொட்டி என்று ஏதாவது ஒன்றை வாரத்தில் பல நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி விஷயம். கோழி ஐந்தாறு வாரத்தில் பெருப்பது, அதற்கென்று பொறுக்கியெடுத்து உண்டாக்கிய இனத்தாலும் தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வளர்ச்சி ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா என்று உங்கள் வீட்டுக்காரரையே கேளுங்கள். கோழியில் நாம் பயப்பட வேண்டியது பச்சைக் கறியில் இருக்கும் கிருமிக்குத்தான். குழாயைத் திறந்துவிட்டு அலசினால் நீர் தெறித்து, பக்கத்தில் உள்ள தட்டு, தேங்காய்த் துருவல், நறுக்கிய தக்காளி எல்லாவற்றிலும் கிருமி விழும். கழுவாமல் மனம் கேட்காதென்றால் பாத்திரத்தில் நீர் தேக்கி, மஞ்சள் போட்டு, மெதுவாகக் கழுவிக் கொட்டுங்கள். பிறகு கையையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலும்போரம் சிவப்பு மாறும்வரை வேக வேண்டும். வாங்கியதும் தோலை உரித்துவிடுங்கள், கொழுப்பில் பெரும் பங்கு அதோடு போய்விடும். தோலோடு உள்ள தொடைக்கறியில் 100 கிராமுக்கு 15 கிராம் கொழுப்பு உண்டு.

மகள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். கோழிச் சதையில் இரும்புச்சத்து பெரிதாக இல்லை, 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். டின்னிலும் அதே கதைதான். இருப்பது ஈரலில். வேகவைத்த கோழி ஈரல் 100 கிராமில் சுமார் 11 மில்லிகிராம். கடையில் கறியைவிட மலிவாகக் கிடைக்கும், பலர் பூனைக்கு வாங்கிப் போகிறார்கள்! வாரம் ஒரு முறை மகளுக்கு இரண்டு மூன்று ஈரல் போதும். கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதற்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. கர்ப்பிணிகள் மட்டும் ஈரல் வேண்டாம். அதில் ஏ உயிர்ச்சத்து மிக அதிகம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, இஞ்சி பூண்டு சேர்த்து, ஈரலைப் போட்டு மூடி வேகவிடுங்கள். நடுவில் சிவப்பு இல்லை என்று பார்த்தபின் மிளகை இடித்துத் தூவி இறக்குங்கள். எலுமிச்சை பிழிந்து, முருங்கைக்கீரைச் சுண்டலோடு கொடுத்தால் கீரையில் உள்ள இரும்பும் உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தே குடிக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தால், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். மகன் வாங்கி வந்த டின்கள் அலமாரியில் மிச்சம் இருக்குமே, அவற்றை வீச வேண்டாம். துண்டு போட்டுக் கொதிநீரில் ஒரு கொதி விட்டு, நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கொஞ்சம் உப்பு இறங்கும். கிச்சாப் மட்டும் ஊற்றாதீர்கள்.