கோப்பைக்குப் போன புகழ்

1991 நவம்பர் 17. அமெரிக்காவின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்தியாளர் மோர்லி சேஃபர் ஒரு சிவப்பு ஒயின் கோப்பையை உயர்த்திக் காட்டினார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவது ஏன்? விடை இந்தக் கோப்பைக்குள் இருக்கலாம் என்றார். அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை மளமளவென்று ஏறியது.

அதே ஆண்டு ஜனவரியில்தான் பிரான்ஸ், மது விளம்பரங்களுக்குக் கடிவாளம் போடும் 'எவான் சட்டத்தை' இயற்றியிருந்தது. குடியின் சேதத்தைத் தலைமுறைகளாகப் பார்த்த நாடு அது.

அளவாகக் குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் 'குடிக்காதவர்கள்' யார்? பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்களை ஆராய்ந்த ஜெரால்ட் ஷேப்பர் 1988-லேயே இந்தக் கேள்வியை எழுப்பினார். இருபது வருடம் குடித்து உடம்பு கெட்டு, மருத்துவர் எச்சரித்த பிறகு நிறுத்தியவரும் கணக்கில் 'குடிக்காதவர்'தான். அவர் சீக்கிரம் இறந்தால் பழி குடிக்காமைக்குப் போகிறது. பக்கத்தில் நிற்கும் ஒயின் பிரியருக்குப் புகழ் சேர்கிறது.

டென்மார்க்கில் சுமார் 35 லட்சம் சூப்பர் மார்க்கெட் பில்களைப் புரட்டிய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. ஒயின் வாங்கியவர்களின் கூடையில் பழம், காய்கறி, ஆலிவ். பீர் வாங்கியவர்களின் கூடையில் சிப்ஸ், சர்க்கரை, சாசேஜ். இதயத்தைக் காத்தது பாட்டிலா, கத்தரிக்காயா?

சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. அங்கே பலருக்கு மரபணு அமைப்பாலேயே மது ஒத்துக்கொள்ளாது. அந்த மரபணுவை வைத்து ஒப்பிட்டபோது, அளவான குடி பக்கவாதத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை நிற்கவில்லை. குடி கூடக்கூட ஆபத்தும் கூடியது.

ஒயினுக்குச் சாதகமாக எதுவுமே இல்லையா? இஸ்ரேலில் 224 நீரிழிவு நோயாளிகளை வைத்து இரண்டு ஆண்டு நடந்த சோதனையில், இரவு உணவோடு சிவப்பு ஒயின் குடித்தவர்களுக்கு நல்ல கொழுப்பு சற்றே கூடியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்த சிறு மாற்றம். மாரடைப்பு குறைந்ததற்கான சான்று அல்ல. சிவப்பு ஒயினின் நன்மைக்குக் காரணமாக அதிகம் பேசப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற வேதிப்பொருளோ ஒரு லிட்டர் ஒயினில் சில மில்லிகிராம்தான் இருக்கும். திராட்சைத் தோலிலும் வேர்க்கடலையிலும்கூட அது உண்டு.

மறுபக்கக் கணக்கு கனமானது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. மார்பகப் புற்றுநோயின் ஆபத்து குறைந்த அளவிலேயே கூடத் தொடங்குகிறது. குடிக்காத ஒருவரிடம் 'இதயத்துக்காகத் தினம் ஒரு கோப்பை' என்று பரிந்துரைப்பது தவறு. அந்தப் பேச்சை மருத்துவர்களும் பத்திரிகைகளும் இனியாவது நிறுத்த வேண்டும்.

பிரான்ஸ் நிறுத்திவிட்டது. 2017-ல் அதன் பொதுச் சுகாதார நிபுணர்கள் தம் மக்களுக்குச் சொன்னது: ஒரு நாளில் இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம், அதுவும் தினமும் வேண்டாம்.