செங்கல் வேண்டாம், பூட்டுள்ள தூக்கி வேண்டும்



நம் தாமான்களில் மாலை வேளையில் நடந்து சென்றால் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வீட்டு முன்றிலில் ஒரு கப்சாய் நிற்கும். அதன் எஞ்சினுக்கு அடியில் இரண்டு செங்கற்களும் ஒரு மரத்துண்டும் முட்டுக் கொடுத்திருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் குந்தியபடி வேலை செய்துகொண்டிருப்பான். அவன் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்துச் சென்றவனாகவும் இருக்கலாம். அவனுக்கு வண்டியை உயர்த்தும் கருவி ஒன்று வாங்கித் தரலாமே என்றால், "எதற்கு வீண் செலவு?" என்று கேட்கும் பெற்றோர் பலர்.

என் கருத்து வேறு. வண்டி வேலையில் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளைக்கு அக்கருவி வீண் செலவு அன்று. செங்கல்லில் நிற்கும் வண்டி எப்பக்கமும் சாயலாம். சுமார் 100 கிலோ எடையுள்ள கப்சாய் ஒரு கையின் மீது விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால், எதையாவது வாங்கினால் போதும் என்பதும் சரியன்று. பட்டறைக்காரர்கள் 'லிஃப்ட்' என்று சொல்லும் இக்கருவியை இங்குத் 'தூக்கி' என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்பதே. எஞ்சின் எண்ணெய் மாற்றுவது, சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுவது, பின் டயரை மாற்றுவது ஆகியவற்றுக்குத் தூக்கியே தேவையில்லை. ஹோண்டா இஎக்ஸ் 5 போன்ற வண்டிகளில் நடுத்தாங்கி இருக்கிறது. அதைச் சமதரையில் நிறுத்தினால் போதும். நடுத்தாங்கி இல்லாத வண்டிக்குப் பின் சக்கரத்தைச் சற்றே உயர்த்தும் தனித் தாங்கி ஒன்று போதுமானது. மாதத்திற்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுபவனுக்குப் பெரிய தூக்கி வாங்குவதுதான் வீண் செலவு.

எஞ்சினைப் பிரிப்பது, முன் அதிர்வுதாங்கியைக் கழற்றுவது போன்ற வேலைகளை அவன் வாரந்தோறும் செய்கிறான் என்றால் மட்டுமே அடுத்த கட்டத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று, வண்டிக்கு அடியில் நுழைத்து உயர்த்தும் தரை ஜேக். இது விலை குறைவு, இடத்தையும் அடைக்காது. ஆனால், இது அடியில் உறுதியான இரும்புச் சட்டகம் உள்ள பெரிய வண்டிகளுக்கே ஏற்றது. கப்சாயில் எஞ்சின் சட்டகத்தின் கீழே தொங்குகிறது. ஆகவே ஜேக் தாங்குவது சட்டகத்தையன்று, எஞ்சினின் அடிப்பாகத்தை. புகைக்குழாயும் அங்கேதான் செல்கிறது. செங்கல்லுக்கும் அதற்கும் அப்போது வேறுபாடு குறைவே.

மற்றொன்று மேசைத் தூக்கி. வண்டியை அதன் மேல் ஏற்றி, முன் சக்கரத்தைப் பிடிப்பானில் இறுக்கி, வார்களால் இருபுறமும் கட்டிவிட்டு, காலால் மிதித்து உயர்த்த வேண்டும். ஏறத்தாழ 75 முதல் 80 சென்டிமீட்டர் வரை உயரும். பிள்ளை குந்தாமல், நின்றபடியோ முக்காலியில் அமர்ந்தபடியோ வேலை செய்யலாம். முதுகும் முழங்காலும் தப்பிக்கும். கப்சாய்க்கும் ஸ்கூட்டருக்கும் இதுவே பொருத்தமானது என்பது என் முடிவு.

விற்பவர்கள் முதலில் சொல்வது எடை தாங்கும் அளவைத்தான். 450 கிலோ, 680 கிலோ என்று அடுக்குவார்கள். நம் வண்டியின் எடை 100 கிலோ என்றால் 450 கிலோவே மிகையானது. அதற்கு மேல் பணம் கொடுப்பதால் பயனில்லை. நாம் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, பூட்டு. ஒரு திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டறிந்தார். சிறிய உருளையில் நம் கால் கொடுக்கும் அழுத்தம், பெரிய உருளையில் பெருவிசையாகி வண்டியை உயர்த்துகிறது. ஆயினும் அந்த அழுத்தத்தைக் காப்பது ஒரு ரப்பர் வளையம். அது தேய்ந்தால் எண்ணெய் கசியும். மேசை மெல்ல இறங்கும், சில வேளைகளில் சட்டென்றும் இறங்கும். எனவே, மேசையை உயர்த்தியபின் எண்ணெயை நம்பாமல் இரும்பையே நம்ப வேண்டும். குறுக்கே செருகும் இரும்புத் தண்டோ பற்பூட்டோ கட்டாயம் இருக்க வேண்டும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். வண்டி ஏற்றாமல் மேசையை உயர்த்தி, பூட்டைப் போட்டு, அழுத்தத்தை விடுவிக்கச் சொல்லுங்கள். மேசை பூட்டின் மீது அசையாமல் அமர வேண்டும். அமரவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, முன் சக்கரப் பிடிப்பான். கப்சாயின் டயர் ஒடுக்கமானது. பெரிய வண்டிக்கென்று செய்த பிடிப்பான் அதை இறுகப் பற்றாமல் போகலாம். வார் கட்டுவதற்கு மேசையின் இருபுறமும் கொக்கிகள் உள்ளனவா என்பதையும், பின் சக்கரத்தைக் கீழே இறக்கத் திறக்கும் பலகை உள்ளதா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, இடம். மேசை ஏறத்தாழ ஏழடி நீளம். சரிவுப் பலகையையும் வண்டியை ஏற்றும் இடத்தையும் சேர்த்தால், கார் நிற்கும் முன்றிலில் அது பெரிய இடம். பல மேசைகள் உயரும்போது நேராக உயராமல் சற்று முன்னோ பின்னோ நகரும். ஆகவே சுவரை ஒட்டி வைக்கலாகாது. வீட்டு முன்றில்கள் மழைநீர் வடிவதற்காகச் சாய்வாகவே கட்டப்படுகின்றன. அச்சாய்வைச் சரிசெய்யும் திருகுகள் தூக்கியில் இருக்க வேண்டும். அடியில் வெற்றிடம் உள்ள தரை ஓடுகள் பாரத்தில் வெடிக்கக்கூடும். கெட்டியான சிமெண்டுத் தரையே நன்று.

காற்றழுத்தத்தால் இயங்கும் தூக்கியைப் பட்டறைகளில் காணலாம். அதற்குக் காற்றழுத்தி எந்திரமும் வேண்டும். வரிசை வீட்டில் அதன் இரைச்சல் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. நமக்குக் கால்மிதியே போதும்.

தூக்கி வந்தபின் சில விதிகளையும் வீட்டில் வகுக்க வேண்டும். மேசையை இறக்கும்போது அருகில் சிறுபிள்ளைகள் நிற்கக் கூடாது; அதன் கரங்களுக்கிடையே விரல் சிக்கினால் நசுங்கும். மேசையின் மேல் வண்டியை உதைத்து முடுக்கக் கூடாது. வார் கட்டாமல் உயர்த்தவே கூடாது. இவற்றைப் பெற்றோரே அருகிலிருந்து பழக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. டியூஷனுக்கு மாதந்தோறும் கணக்குப் பாராமல் கொடுக்கும் நாம், கைத்திறன் உள்ள பிள்ளையின் கருவிக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம். படிப்பில் பின்தங்கியவன் செய்யும் வேலை அது என்ற எண்ணமே இதற்குக் காரணம். வகுப்பில் நெம்புகோலைப் படமாக வரைந்து காட்டும் ஆசிரியரைவிட, அதைக் கையால் அறிந்த மாணவன் ஒருபடி மேலே நிற்கிறான். மலேசியத் திறன் சான்றிதழ் வழியாக அவன் அத்துறையில் முறையாக முன்னேறவும் வழி உண்டு. ஆசிரியர்களாகிய நாமும் இதைப் பெற்றோர் சந்திப்புகளில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவன் எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் பத்து விரல்களோடு செல்லட்டும். ஆகவே இந்த வாரமே அந்தச் செங்கற்களை முன்றிலிலிருந்து அகற்றுங்கள். நல்ல தூக்கி வாங்கும் வரை நடுத்தாங்கியில் செய்யக்கூடிய வேலையை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.