ஊசிமருந்தும் உற்றவர் கடனும்

கல்லூரியின் விழாமலரிலே வைத்தியசாலைக் கட்டிலைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பழைய மாணவர் மலரென்றால் சென்ற காலப் பெருமையும் ஆசிரியர் புகழும் விளையாட்டு வெற்றியுமே அதற்குரிய பொருள் என்பது பலர் எண்ணம். அவை வேண்டற்பாலனவே. ஆயினும் கல்வியின் பயன் பட்டத்தோடும் பதவியோடும் முடிந்துவிடுவதில்லை. துன்பம் வந்துற்ற வேளையிற் கலங்காது, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்கும் தெளிவும் அதன் பயனேயாம். அத்தெளிவு எம்மவருட் கற்றோரிடத்தும் குறைந்து காணப்படும் இடம் ஒன்றுண்டு, அது வைத்தியசாலை. ஆதலின், விடுதிகளில் நாள்தோறும் நிகழும் ஒரு செயலை, அதாவது நுண்ணுயிர்கொல்லி மருந்தை நாளத்தினூடாக ஏற்றுதலை எடுத்துக்கொண்டு, அதனைப் பெறுவோர் அறிந்திருக்க வேண்டியவை இவையென எமக்குத் தோன்றுவனவற்றைக் கூறத் துணிந்தோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. இவற்றுள் நோயுற்றவரே முதலில் வைத்து எண்ணப்பட்டமை கருதத்தக்கது. எம்மவரோ வைத்தியசாலை வாயிலைக் கடந்த கணத்திலேயே அம்முதற் கூற்றை மறந்துவிடுகின்றனர். கையை நீட்டுவதும் கண்ணை மூடுவதுமே தம் கடன் என எண்ணுகின்றனர். ஏற்றப்படும் மருந்தின் பெயர் யாது, எந்நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்பனவற்றை அறியாமலே வீடு திரும்புவோர் பலர். இவ்வாய் வாளாமையைப் பணிவு எனக் கொள்வாரும் உளர். அது தமக்கும் பிறர்க்கும் கேடு விளைப்பது என்பதே எம் கருத்து.

இம்மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இலண்டன் மாநகரில் 1928 இல் பிளெமிங் என்பார் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதனை மனிதர்க்குப் பயன்படும் மருந்தாக்கியோர் ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய புளோறி, செயின் முதலியோர். 1941 பெப்ரவரியில், முகத்திலும் கண்ணிலும் நஞ்சேறிய புண்ணால் உயிருக்குப் போராடிய பொலிசுக்காரர் ஒருவருக்கு அது நாளத்தினூடாக ஏற்றப்பட்டது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. உணவும் செல்லத் தொடங்கிற்று. ஆயின் உலகிலிருந்த பெனிசிலின் அத்துணைச் சிறிது. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பிற்று, மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். மருந்து நல்லதாயினும், வேண்டிய அளவு வேண்டிய காலம் வரை செல்லாவிடின் பயனில்லை என்பதை உலகம் அன்றே கண்டது. 1945 இல் நோபல் பரிசு பெற்ற வேளை பிளெமிங் பிறிதோர் எச்சரிக்கையும் விடுத்தார். குறைந்த அளவில் அறியாமையால் மருந்தை உட்கொள்வோர், அம்மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களை வளர்த்துவிடுவர் என்பதே அது. அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களால் 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஒருகாலத்திற் சிறுநீரிலிருந்து துளி துளியாக மீட்கப்பட்ட பொருளை நாம் இன்று எத்துணை அலட்சியமாகக் கையாளுகின்றோம்!

எம்மவரிடை வேரூன்றிய தவறான எண்ணங்களுள் முதலாவது, குளிசையினும் ஊசியே வலியது என்பது. குளிசை மாத்திரம் தந்தனுப்பிய வைத்தியரைக் குறைகூறி, ஊசி போடும் வேறொருவரை நாடுவோரை ஊர்தோறும் காணலாம். நாளத்தினூடாக மருந்தை ஏற்றுவதற்குக் காரணங்கள் உள. நோய் கடுமையாகிக் குருதியிலே பரவும் நிலையில் ஒரு மணி நேரத் தாமதமும் தீங்காகலாம். அப்போது மருந்து உடனே குருதியிற் கலத்தல் வேண்டும். வாந்தியால் விழுங்க இயலாதோர்க்கும், குடலால் உறிஞ்சப்படாத மருந்துகளுக்கும் அவ்வழியே ஏற்றது. இக்காரணங்கள் இல்லாதவிடத்துக் குளிசையே போதும். மெற்றோனிடசோல், சிப்புரோபுளொக்சசின் போன்றவை வாயால் உட்கொண்டாலும் பெரும்பகுதி குருதியைச் சென்றடைவன. எலும்பிலும் மூட்டிலும் உண்டாகும் கடுந்தொற்றுக்கு நாளவழி மருந்தே வேண்டுமென நெடுங்காலம் கருதப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் 1,054 நோயாளரிடம் நடத்தி 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, முதல் ஆறு வாரச் சிகிச்சையில் வாய்வழி மருந்து அதற்குக் குறைந்ததன்று எனக் காட்டிற்று. மேலும், டெங்கு போன்ற வைரசு நோய்களை எந்த நுண்ணுயிர்கொல்லியும் கொல்வதில்லை. அந்நோயாளிக்கு ஊசி போடவில்லையே என வைத்தியருடன் வாதிடுவது அறியாமையாம்.

இனி, மருந்து ஏற்றப்படுமுன் நோயாளி சொல்ல வேண்டியவை. முன்னர் எம்மருந்தேனும் ஒவ்வாது போயிற்றெனின் அதனை முதலிற் சொல்லுதல் வேண்டும். வெறுமனே ஒவ்வாது என்றால் அமையாது. மருந்தின் பெயர் யாது, எப்போது கொடுக்கப்பட்டது, அதன்பின் நிகழ்ந்தது யாது என்பவற்றை விளக்குதல் வேண்டும். தடிப்பும் மூச்சுத் திணறலும் ஒருவகை. வயிற்றுக் குமட்டல் பிறிதொரு வகை. பெனிசிலின் ஒவ்வாது எனத் தம்மைக் கூறிக்கொள்வோரை முறைப்படி சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்வதாகவே காணப்படுகின்றது. தவறான அடையாளமும் தீங்கே. நல்ல மருந்து விலக்கப்பட்டு வேறொன்றை நாட நேரிடும். சிறுநீரக நோய், கருப்பம், தாய்ப்பாலூட்டல் என்பனவற்றையும், உட்கொண்டுவரும் பிற மருந்துகளையும் மறையாது கூறுக. சிறப்பாகக் குருதி உறையாதிருக்க வார்பரின் உட்கொள்வோர் அதனைக் கூறத் தவறலாகாது. நாட்டு வைத்தியரிடம் பெற்ற கசாயமும் மருந்தே. வெட்கத்தால் அதனை ஒளிப்பது தகாது. மருந்துக்கு முன்னர்க் குருதி எடுக்கப்படின் மனம் சலிக்க வேண்டா. எந்நுண்ணுயிர், எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அறியவே அது எடுக்கப்படுகின்றது. மருந்து சென்றபின் எடுத்தால் விடை தெளிவாகக் கிட்டாது போகலாம்.

மருந்து ஏறும் வேளையிற் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, உடலில் தோன்றும் மாற்றம். அரிப்பு, தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், நெஞ்சிறுக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் என்பவற்றுள் எதுவேனும் தோன்றின் அக்கணமே தாதியை அழைத்தல் வேண்டும். தாதியர் வேலையாயிருக்கின்றனர், சற்றுப் பொறுப்போம் என எண்ணுதல் உயிருக்கே இடராகலாம். சிறிதளவு மருந்தைத் தோலிலிட்டுச் சோதித்தனர், ஒன்றும் நேரவில்லை என்பதும் முழு உறுதியாகாது. இரண்டாவது, ஊசிக் குழாய் பொருத்திய இடம். அங்கு எரிவு, சிவப்பு, வீக்கம், நாளத்தின் வழியே கடினம், ஈரக்கசிவு என்பன காணின் உடனே காட்டுக. அக்குழாய் கிருமிகள் உட்புகும் வாயிலும் ஆகும். அதனைத் தொடுவோர் கைகழுவினரோ எனப் பணிவுடன் கேட்பதில் இழுக்கில்லை. மூன்றாவது, துளி விழும் வேகம். விரைவில் முடியட்டும் என்று உறவினர் குழாயின் திருகைத் தாமே தளர்த்தும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும். வன்கோமைசின் என்னும் மருந்தில் ஒரு கிராமை நூறு நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றுதல் வேண்டும். விரைந்து ஏற்றின் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். குருதி அமுக்கமும் தாழலாம். ஜென்ரமைசின் போன்றவை சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கக்கூடியன. அவற்றைப் பெறுவோர் காதிரைச்சலோ கேள்விக் குறைவோ தோன்றிற் சொல்லுதல் வேண்டும். அளவறியும் பொருட்டு அவரிடம் அடிக்கடி குருதி எடுப்பதும் இக்காரணம் பற்றியே.

இரண்டு மூன்று நாள் கழிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. குருதிச் சோதனை யாது காட்டிற்று, இனிக் குளிசைக்கு மாறலாமோ என்பதே அது. காய்ச்சல் தணிந்து, உணவு சென்று, நோயும் இடந்தருமாயின், மாறுவதால் நோயாளிக்கும் நாட்டுக்கும் நன்மையே. குழாயால் வரும் தொற்று ஒழியும். நோயாளி எழுந்து நடமாடுவார். கட்டிலும் மற்றொருவர்க்குக் கிடைக்கும். ஆயின் அம்முடிவு வைத்தியருடையது. உடல் தேறிற்றெனத் தாமாகவே மருந்தை நிறுத்துவதும், எஞ்சியதை அயலாருக்குக் கொடுப்பதும் ஆகா. வீடு சென்ற சில வாரங்களின் பின்னரும் நீர்போன்ற வயிற்றுப்போக்கு உண்டாகலாம். அப்போது நுண்ணுயிர்கொல்லி பெற்ற செய்தியைக் கூறி வைத்தியரை நாடுக.

2023 ஆம் ஆண்டில், இந்நாட்டு வைத்தியசாலைகளில் ஊசிமருந்து பெற்ற சிலர் இறந்தனர் என்ற செய்திகள் வெளிவந்தமையும், மருந்துகளின் தரத்தைப் பற்றிப் பேரையம் எழுந்தமையும் யாவரும் அறிந்தவை. மக்கள் அஞ்சினர், அஞ்சியதிற் குற்றமில்லை. மருந்தை வாங்குவோரும் சோதிப்போரும் மக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவரே. ஆயினும் அச்சத்தால் ஊசியை மறுத்து ஓடுதலும், முன்போல வாய் மூடிக் கிடத்தலும் ஒருங்கே பிழையாம். குருதியில் நஞ்சேறியவர் மருந்தை மறுப்பின் இறத்தல் பெரும்பாலும் உறுதி. மருந்தால் வரும் பெருந்தீங்கோ அரிதினும் அரிது. அவ்வரிய தீங்கையும் விரைவிற் கண்டு தடுப்பதற்கு விழிப்புள்ள நோயாளியும், அருகிருக்கும் உறவினரும் வேண்டும்.

நோயாளர் யாவரும் கேள்வி கேட்கத் தொடங்கினால் வைத்தியர் பணி செய்வது எவ்வாறு என்பார் உளர். நெருக்கடி மிகுந்த விடுதியில் வைத்தியர்க்கும் தாதியர்க்கும் நேரம் அரிது என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் வேண்டுவது நீண்ட உரையாடலன்று. மருந்தின் பெயர், காரணம், காலம் என்னும் மூன்றையும் சொல்ல அரை நிமிடம் போதும். அவ்வரை நிமிடம் செலவிடப்படாமையால் ஒவ்வாத மருந்து ஒருவர்க்கு ஏற்றப்படின், பின்னர் எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் மீட்க இயலாதது நேர்ந்துவிடலாம்.

எமது கல்லூரி ஈன்ற வைத்தியர்க்கு இவ்விடத்தில் ஒரு விண்ணப்பம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன் என்பார், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். பிறநாட்டார் ஒருவர் மேற்கொண்ட அம்முயற்சியை எண்ணுங்கால், தமிழிற் பிறந்து தமிழில் வளர்ந்த நாம் ஒரு மருந்தின் நன்மை தீமையை நோயாளியின் மொழியில் எடுத்துரைக்க இயலாது என்றல் நாணத்தக்கது. வைத்தியசாலைக் குறிப்புகள் ஆங்கிலத்திலே எழுதப்படுகின்றன. சிங்களமே வழங்கும் விடுதிகளிலும் எம்மவர் பலர் படுக்க நேர்கின்றது. ஆதலின் ஒவ்வாத மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய சிறு அட்டையொன்றை ஒவ்வொருவரும் பணப்பையில் வைத்திருத்தல் நன்று. அத்தகைய அட்டைகளை அச்சிட்டு ஊரவர்க்கு வழங்குதலும், நிரப்பிக் கொடுத்தலும், பழைய மாணவர் சங்கமும் மாணவர் விஞ்ஞான மன்றமும் கூடிச் செய்யத்தக்க எளிய தொண்டாகும். விழாவுக்குக் கட்டும் தோரணத்தின் செலவிற் சிறுபகுதியே அதற்குப் போதும்.

மாணவர்காள்! உங்கள் பாட்டனாரோ தாயாரோ வைத்தியசாலையிற் படுத்திருக்கும் நாளில் அவர்க்கு அருகிருந்து பணி செய்யும் கூறு பெரும்பாலும் நீங்களே. விஞ்ஞான பாடத்தில் நுண்ணுயிரைப் பற்றிப் படித்தது அன்றைக்கு உதவட்டும். மருந்தின் பெயரைக் குறித்து வையுங்கள். ஒவ்வாமையை வைத்தியர்க்கு நினைவூட்டுங்கள். குழாய் பொருத்திய கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தாய் உங்களிடம் எதிர்பார்க்கும் பயன்களுள் இதுவும் ஒன்றென்பது எம் துணிபு.