கைமாற்றிக் கொடுத்த ஆசான்



நுவரெலியா நகருக்கு வந்து போகும் எவரும் அங்குள்ள பரந்த புல்வெளியைக் கண்டிருப்பீர்கள். 1889ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கப்பட்ட கொல்ப் மைதானம் அது. விளையாடுவோரின் பையைச் சுமக்கும் வேலைக்கு மட்டுமே நம்மவர்கள் அதற்குள் போவதுண்டு. ஆனாலும் அந்த விளையாட்டிலே நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு உதவும் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜால் என்றொரு சிற்றூர். அங்கே வளர்ந்தவர் கெத்தி விட்வேர்த். 1939இல் பிறந்தவர். தந்தை இரும்புச் சாமான் கடை நடத்தினார். 15 வயதளவில் கெத்தி கொல்ப் பழகத் தொடங்கினார். ஊர் மைதானத்தில் பயிற்சி கொடுத்தவர் ஹார்டி லவுடர்மில்க். பெரிய புகழ் ஒன்றும் இல்லாத பயிற்றுவிப்பாளர்.

கெத்திக்கு 17 வயதானபோது, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று, இனி இவளுக்கு என்னைவிடப் பெரிய ஆசான் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில் இருந்த ஹார்வி பெனிக்கிடம் பேசி, பிள்ளையை அங்கே அனுப்பினார். பெனிக்கும் சாதாரணமானவர்தான், எட்டு வயதில் பை தூக்கும் பையனாக மைதானத்துக்குள் நுழைந்தவர். நூற்றுக்கணக்கான மைல் தூரம். தாயே காரோட்டி மகளை அழைத்துச் சென்றார். பாடம் முடிந்து கெத்தி ஊர் திரும்பியதும் பயிற்சியை லவுடர்மில்க்கே தொடர்ந்து கவனித்துக்கொண்டார்.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய பிறகு 1962 வரை ஒரு போட்டியிலும் அவர் வெல்லவில்லை. வீட்டாரும் ஊராரும் கைவிடாமல் நின்றார்கள். 1985க்குள் 88 போட்டிகளில் வென்றார். ஆண்களில் அதிகம் வென்ற சாம் ஸ்னீட், டைகர் வூட்ஸ் இருவருக்குமே 82 வெற்றிகள்தான். 2022 டிசம்பரில் கெத்தி காலமானார். பெனிக் 1992இல் வெளியிட்ட தமது நூலில் லவுடர்மில்க்கைக் குறிப்பிடுகிறார்.

சகோதரிகளே, கெட்டிக்காரப் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பெயர் வாங்க அந்த மனிதருக்கு ஆசை இருந்திருக்காதா? அவர் பிள்ளையின் பக்கம் நின்று யோசித்தார்.

நமது தோட்டங்களிலும் இது நடக்கிறது. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும், அல்லது சாதாரண தரம் முடிந்ததும், "இனி டவுன் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று ஆசிரியர் சொல்வார். தாய்க்கு மனம் பதறும். யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவளுக்கு, இருக்கிற பிள்ளையைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்புவது இலேசான காரியமா? அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அனுப்புவதில் இரண்டு வகை உண்டு. தரகர் ஒருவர் வந்து, கொழும்பில் நல்ல இடம், படிக்கவும் வைப்பார்கள் என்று சொல்லி, வீட்டு வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவது ஒரு வகை. அதன்பின் விலாசமும் தெரியாது, பேச்சும் இராது. லவுடர்மில்க் செய்தது மற்ற வகை. யாரிடம் அனுப்புகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாய் கூடவே போனாள். பிள்ளை திரும்பி வந்தபோது கவனிக்க ஆள் இருந்தது.

ஆகவே யாராவது உங்கள் பிள்ளையை வெளியூர் அனுப்பச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பொறுப்பெடுப்பவரை உங்களுக்கு நேரில் தெரியுமா? முதல் தடவை நானும் கூடப் போய் இடத்தைப் பார்க்கலாமா? பிள்ளை லீவில் வரும்போது படிப்பை யார் விசாரிப்பார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம்மிலும் ஆசான்கள் இருக்கிறார்கள். தையல் பழக்கும் அக்கா, முன்பள்ளி ரீச்சர், மாலையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தங்கச்சி. "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இனி இன்னாரிடம் போ" என்று சொல்வது உங்களுக்கு ஒருபோதும் சிறுமை ஆகாது. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில், உங்கள் லயத்தில் அப்படி அனுப்பவேண்டிய பிள்ளை யார் என்று பேசிப் பாருங்கள்.