சின்னப் புள்ளி

ஆங்கில நாவல் படிக்கும் நம் பிள்ளைகளை அடிக்கடி தடுக்கி விழச் செய்யும் சொல் 'பங்க்டிலியோ'. புள்ளி என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்து, இத்தாலி, ஸ்பெயின் வழியாக ஆங்கிலத்தில் வந்து குடியேறியது. மரியாதை விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடாத கண்டிப்பை அது குறிக்கும். யார் முதலில் எழுவது, எத்தனை அடி எதிர்கொண்டு போவது என்பவை போன்ற சின்னப் புள்ளிகளே அதற்கு உயிர். கல்யாண வீட்டில் சம்பந்திகளுக்குக் காபி சற்றுத் தாமதித்துப் போனால் என்ன நேரும் என்று அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை!

தமிழில் எப்படிச் சொல்வது? 'ஆசாரம்' என்றால் மடி நினைவுக்கு வருகிறது. 'உபசாரம்' என்பதில் அன்பு உண்டு, கண்டிப்பு இல்லை. 'மரியாதை' ஓரளவு பொருந்தும். வடமொழியில் அதற்கு எல்லை, கரை என்றே பொருள். 'மரியாதை நுணுக்கம்' என்று சொல்லிவைக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

"இந்த அற்பத்துக்கா இவ்வளவு?" என்னும் ஏளனமும் ஆங்கிலச் சொல்லில் சில சமயம் தொனிக்கும். அந்த ஏளனம் எப்போதும் நியாயந்தானா? பர்மாவில் நடந்ததைப் பாருங்கள்.

மாந்தலே அரண்மனையில் மிண்டோன் மன்னரைக் காணச் செல்பவர் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, பாதம் மன்னரை நோக்கி நீளாதவாறு தரையில் அமரவேண்டும். ஆங்கிலத் தூதர்களும் அவ்வாறே அமர்ந்து வந்தார்கள். 1875-இல் ஃபோர்ஸைத் என்பவர் தூது சென்று திரும்பிய பின், தம் பிரதிநிதி இனி ஜோட்டைக் கழற்றமாட்டார் என்று இந்திய சர்க்கார் தீர்மானித்தது. இத்தனைக்கும், அதே சர்க்காரின் சபைகளுக்கு நாட்டு ஜோடு அணிந்து வரும் இந்தியர் அதை வெளியே விட்டுத்தான் நுழையவேண்டும். ஐரோப்பிய பூட்ஸும் மேஜோடும் மாட்டியவருக்கு மட்டும் 1854-இல் சலுகை தந்திருந்தார்கள்!

மன்னர் இணங்கவில்லை. அதன் பிறகு ஆங்கிலப் பிரதிநிதி அவரை நேரில் காணவே இல்லை. பேச்செல்லாம் மந்திரிகள் மூலமே நடந்தது. 1879-இல் பிரதிநிதியின் காரியாலயமே மாந்தலேயிலிருந்து எடுக்கப்பட்டது. 1885-இல் படை வந்தது. மிண்டோனின் குமாரர் தீபா மன்னர் முடியிழந்து ரத்னகிரியில் சிறையிருக்க நேர்ந்தது. தேக்கு வியாபாரமும் பிரெஞ்சுக்காரரைப் பற்றிய அச்சமுமே அந்த யுத்தத்தை மூட்டியவை. ஜோடுதான் மூட்டியது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் நெருக்கடி முற்றியபோது, ஆங்கிலப் பிரதிநிதியும் பர்மிய மன்னரும் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் நின்று பத்து வருஷம் ஆகியிருந்தது.