பள்ளியின் சாதனையா, பிள்ளையின் சாதனையா?

போன வாரம் பேரன் பள்ளியிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தான். வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். அட்டையில் 'முதல் பருவம்: செயல்பாடுகளும் சாதனைகளும்' என்று பொன்னெழுத்து. பையன் எட்டாம் வகுப்பு. சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்கு அறிக்கை என்றால் கடைசி வரி வரை படிக்கும் வியாதி உண்டு. நம் வாசகர்களில் பாதிப் பேருக்கும் இருக்கும்!

ஜூன் 21 யோகா தினம். மரக்கன்று நடும் விழா. போதை ஒழிப்புப் பேரணி. ஆகஸ்ட் 15 கொடியேற்றம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரித்து ஒரு 'உலக சாதனை'. தாளாளர் பதினோரு படங்களில் இருக்கிறார், எண்ணிப் பார்த்தேன். நூலகம் ஒரு படத்தில்கூட இல்லை.

"தாத்தா, இதுதான் என் தலை" என்று பேரன் அந்த உலக சாதனைப் படத்தில் ஒரு புள்ளியைக் காட்டினான். ஏழாவது வரிசையோ எட்டாவது வரிசையோ. ஒரே நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் சிலம்பம் சுற்றினார்களாம். அந்தக் கதை எனக்குத் தெரியும். இரண்டு வாரம் பயிற்சி, அந்த இரண்டு வாரமும் பிற்பகல் வகுப்பு கிடையாது. டீ-ஷர்ட்டுக்கும் சான்றிதழுக்கும் பெற்றோர்தான் பணம் கட்டினோம். ஏழரை மணிக்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினார்கள், சிறப்பு விருந்தினர் வந்தது பத்தரைக்கு. ஒரு பெண்பிள்ளை மயங்கி விழுந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் கம்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிலம்பம் நல்ல கலை, நம் ஊர்க் கலை. அதைக் கற்றுக் கொடுத்திருந்தால் நானே வாத்தியாருக்குத் துண்டு போர்த்தியிருப்பேன். கற்றுக் கொடுக்கவில்லை, படம் எடுத்தார்கள்.

'சாதனை' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம். மாதாந்திர முன்னேற்ற அறிக்கையில் இரண்டு கலம் இருக்கும்: இலக்கு, சாதனை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் மேலே போக வேண்டும். ஜூலையில் வன மகோத்சவம் வந்தால், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை எழுதுவேன். அடுத்த ஜூலையில் அதே வேலி ஓரம், அதே குழி, புதுக் கன்று, மறுபடியும் சாதனை. பிழைத்தது எத்தனை என்று எழுத அந்தப் படிவத்தில் கலமே கிடையாது. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் எழுதப் போகிறேன்? எழுதவில்லை. சம்பளம் வாங்கினேன், வீட்டுக்கு வந்தேன். அதனால் யோக்கியன் மாதிரி இதைச் சொல்லவில்லை. அந்த வித்தையைச் செய்தவன் என்பதால் வாசனை தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சிலேயே படித்து முடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களுக்கு வருஷத்துக்கு மூன்று முறை 'புல்த்தேன்' வரும். ஒற்றைத் தாள். பாடத்துக்கு ஒரு வரி: இருபதுக்கு எத்தனை, வகுப்பில் எத்தனையாவது, பக்கத்தில் அந்தப் பாட ஆசிரியர் கைப்பட ஒரு குறிப்பு. அப்பாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற சொல்தா தாத்தாதான் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். 'இவனுக்குக் கணக்கு வரும், கவனம் வராது.' 'வரைபடம் சுத்தம், நினைவில் ஒன்றும் இல்லை.' தெரு முழுக்கக் கேட்கும். மானம் போகும். ஆனால் அந்தத் தாளில் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. முழுக்க என்னைப் பற்றித்தான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். திக்தே என்கிற சொல்வதெழுதலில் ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும், ஐந்து பிழை விட்டால் இருபதுக்குச் சைபர். கடைசி ரேங்கிலிருந்து மேல்நோக்கிப் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். என்னோடு படித்த ஒருவன் மூன்று முறை முதலில் அழைக்கப்பட்டு, நான்காவது முறைக்கு வரவே இல்லை. அப்பாவோடு தறிக்குப் போய்விட்டான். அந்தக் கொடுமை திரும்ப வேண்டாம். ஆனால் அவன் போனது வாத்தியாருக்குத் தெரிந்தது, தேடி வீட்டுக்குப் போனார். இன்றைய புத்தகத்தில் அவனை எந்தப் பக்கத்தில் தேடுவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பேரனுக்குத் திக்குவாய். ஏழாம் வகுப்பு முடியும்வரை வகுப்பில் எழுந்து ஒரு வரி படித்ததில்லை. இந்தப் பருவத்தில், ஆகஸ்ட் கடைசியில், தமிழ்ப் பாடத்தில் ஒரு முழுப் பத்தியை நின்று படித்திருக்கிறான். எங்கும் நிற்காமல் இல்லை, நின்று நின்று. ஆனால் முடித்தான். யாரும் சிரிக்கவில்லையாம். இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை, அவன் சிநேகிதன் சொல்லித்தான் தெரியும். அதற்குக் காரணம் அவனுடைய தமிழ் டீச்சர். சாப்பாட்டு வேளையில் பத்து நிமிஷம் தனியாக உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் படிக்கச் சொல்லியிருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

அந்த டீச்சர் செப்டம்பர் முழுக்க அந்தப் பத்து நிமிஷத்துக்கு வரவில்லை. ஏன் என்று விசாரித்தேன். இந்தப் புத்தகத்துக்குப் படம் சேகரிக்கிற, படத்துக்குக் கீழே எழுதுகிற பொறுப்பு அவருக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் மகளுக்குக் கோபம். "அப்பா, விளம்பரம் இல்லாமல் பள்ளி நடக்குமா? அட்மிஷன் வேண்டாமா?" என்றாள். நடத்தட்டும். விளம்பரம் என்று பெயர் போட்டு, விளம்பரச் செலவில் செய்யட்டும். பிள்ளை பையில் வைத்து, 'உங்கள் பிள்ளையின் பருவம்' என்று எனக்கு அனுப்பக் கூடாது. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், "படிப்பு மட்டும் போதுமா, வெளிச் செயல்பாடு வேண்டாமா?" என்கிறார். வேண்டும் ஐயா, நிறையவே வேண்டும். ஆகஸ்ட் 16 பற்றி இந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. கீழூர் எவ்வளவு தூரம்? 1954 அக்டோபர் 18இல் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த இடம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பை அழைத்துப்போய், ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேசவிட்டு, வந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாமே. அது செயல்பாடு. பிள்ளை கையெழுத்தில் இருக்கிற அந்த ஒரு பக்கம் சாதனை. விருந்தினர் தேவையில்லை, பொன்னாடை தேவையில்லை.

இது கிழவனின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2020 தேசியக் கல்விக் கொள்கையை எல்லா விஷயத்திலும் நான் ஏற்பவன் அல்ல. ஆனால் முன்னேற்ற அட்டை ஒவ்வொரு பிள்ளையின் தனித்தன்மையையும் காட்ட வேண்டும், ஆசிரியரோடு பிள்ளையும் தன்னை மதிப்பிட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பேரனின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆறு பாடம், ஆறு எழுத்து. குறிப்பு என்ற கட்டத்தில் 'நன்று' என்று ரப்பர் ஸ்டாம்ப்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு நானே போனேன். பிள்ளைக்கு ஒரு வரி, கையால் எழுதினால் போதும், அதை எழுத டீச்சருக்கு நேரம் கொடுங்கள், புத்தகத்தை வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள் என்றேன். முதல்வர் அம்மாள் மரியாதையாகவே கேட்டார். "நல்ல யோசனை சார், எழுத்து மூலமாகக் கொடுங்க" என்றார். எத்தனை பேரிடம் இதே வாக்கியத்தை நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! திங்கட்கிழமை காலை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போனேன். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையில் தேடி எடுத்துக் குத்தினாள். தேதி இல்லை. தேதியும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.