நியமனத்தில் வந்தவர்தான் முத்துலட்சுமி ரெட்டி



“பெண்களுக்கு ஒதுக்கீட்டில் பதவி கொடுத்தால் புருஷன்தான் நாற்காலியில் உட்காருவான்.” கமலாலயக் கரையில் மாலை நடைக்கு வரும் நண்பர்கள் இதைச் சொல்லாத நாள் கிடையாது. சில ஊராட்சிகளில் அப்படி நடப்பதும் உண்மைதான். ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபைக்குள் எப்படிப் போனார் என்று இவர்கள் யோசித்ததுண்டா?

1926 தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்கில் தோற்றார். முத்துலட்சுமி அம்மையார் தேர்தலில் நிற்கவில்லை. அரசின் நியமனத்தில் வந்தவர். வந்தவரை 1927-ல் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் அவர் பொம்மையாக இருக்கவில்லை.

தேவதாசி ஒழிப்பு என்றால் ‘பொட்டுக் கட்டக் கூடாது’ என்று ஒரு சட்டம், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 1929-ல் அவர் கொண்டுவந்த திருத்தம் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. கோயில் பணிக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலம் போய்விடும். அதனாலேயே அடுத்த தலைமுறைக்கும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்ட வேண்டியிருந்தது. பணி வேண்டாம், நிலம் உங்களிடமே இருக்கட்டும் என்றது அந்தத் திருத்தம். இரண்டு மா நிலத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊர் நம்முடையது. இதன் அருமை நமக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? பிழைப்பு போய்விடுமே என்று தேவதாசிகளே எதிர்த்து மனு கொடுத்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. கலைக்கு நேர்ந்த இழப்பை அம்மையார் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதா கையில் இருக்கும்போதுதான், 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவி விலகினார். காந்தி மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனாலும் அவர் விலகியிருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது. வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (பிறந்தது நம் திருவாரூரில்தான்) ஊர் ஊராகப் பேசினார், 1936-ல் நாவலே எழுதினார். சபைக்குள் பிறகு ருக்மிணி லட்சுமிபதி போன்ற சிலர் வந்தார்கள், துணை சபாநாயகராகவும் இருந்தார்கள். ஆனால் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவுதான். சட்டம் வந்தது 1947-ல். பதினேழு வருஷத்தில் எத்தனை சிறுமிகள்!

தனி ஒருத்தி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அவர் எழுந்து போனதும் வேலை நின்றுவிடுகிறது. 2023-ல் நாடாளுமன்றம் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று அதிலேயே எழுதியும் வைத்தது. 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள் ஜெயித்தார்கள். மூன்றில் ஒன்று என்றால் 78. அந்த 78 பேரும் முதலில் உள்ளே வந்து உட்காரட்டும். புருஷன் கதையைக் கமலாலயக் கரையில் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.